பிளக் பொருந்தினால் போதாது: பழைய கம்ப்யூட்டர்களுக்கு டிஸ்க் தேடிய அனுபவம்

சித்தப்பாவின் பட்டறையில் எழுத்து செதுக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. பித்தளைத் தகட்டிலும் அக்ரிலிக்கிலும் பெயர் வெட்டுவது அதன் வேலை. அதை இயக்குவது ஒரு 486 கம்ப்யூட்டர். எம்எஸ்-டாஸ் 6.22 என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம், மெஷினோடு பேசுவதற்கு உள்ளே ஐஎஸ்ஏ என்ற பழைய வகை கார்டு, பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகிய டாங்கிள் (சாஃப்ட்வேரின் பூட்டுக்குச் சாவி மாதிரி). அந்தக் கார்டைச் செருக இன்றைய மதர்போர்டுகளில் இடமே இல்லை. கார்டு இல்லாமல் சாஃப்ட்வேர் ஓடாது. சாஃப்ட்வேர் ஓடாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு. ஆனால் அதன் மோட்டார்கள் இன்னும் பல வருடம் உழைக்கும். அதனால் அந்த 486-ஐ ஓட வைத்துக்கொண்டிருப்பதுதான் ஒரே வழி.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. "தம்பி, டிஸ்க்கே இல்லைன்னு சொல்லுதுப்பா. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு."

போய்ப் பார்த்தேன். டிஸ்க் சுற்றுகிற சத்தம் சீராகக் கேட்டது. கெட்டுப்போன டிஸ்க்கின் சத்தம் அப்படி இருக்காது. பயாஸுக்குள், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை நிரலுக்குள், போனால் தேதி தப்பு, டிஸ்க் வகை என்ற இடம் காலி. பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்து பயாஸ்கள் பலவற்றுக்கு டிஸ்க்கைத் தானாக அடையாளம் காணத் தெரியாது. எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், ஒரு டிராக்குக்கு எத்தனை செக்டர் (டேட்டா எழுதப்படும் சிறு துண்டு) என்று நாம்தான் எழுதித் தர வேண்டும். அந்த மூன்று எண்களும் பேட்டரியின் தயவில் நினைவில் இருப்பவை. பேட்டரி போனால் எண்கள் போகும், எண்கள் போனால் நல்ல டிஸ்க்கும் செத்த டிஸ்க் மாதிரி தெரியும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் மூன்று எண்களும் இருந்தன. அடித்துக் கொடுத்ததும் மெஷின் எழுந்துவிட்டது.

பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க் காணவில்லை என்று வந்தால் நான் இப்போது முதலில் பார்ப்பது பேட்டரியைத்தான். 486 கால மதர்போர்டுகளில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலவற்றில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். வயதானால் அது கசியும். கசிந்த காரம் பக்கத்தில் இருக்கும் தாமிரத் தடங்களை அரித்துவிடும். சித்தப்பாவின் போர்டில் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது. பேட்டரியை வெட்டி எடுத்து, அந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவினேன். போர்டில் வெளி பேட்டரிக்கென்று தனி பின்கள் இருந்ததால் அதில் ஒன்றை ஒயர் போட்டு மாட்டி, கேபினட்டின் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். இனி கசிந்தாலும் போர்டில் படாது.

அன்றைக்கே டிஸ்க்கை காப்பி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மெஷின் ஓடுகிறது, அதுவே போதும் என்று வந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து டிஸ்க் நிஜமாகவே போனது. இந்த முறை சத்தத்திலேயே தெரிந்தது. டக், டக், சற்று மௌனம், மறுபடி டக்.

420 எம்பி டிஸ்க். அதற்குள் சித்தப்பா பல வருடமாக வரைந்து வைத்திருந்த எழுத்துருக்கள், கோயில் மணிகளுக்கான வடிவங்கள், வாடிக்கையாளர்களின் முத்திரைகள். "இது போனா தொழிலே போச்சுப்பா" என்றார். அவர் எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவர் அல்ல.

என்னிடம் இருந்த யூஎஸ்பி அடாப்டரில் டிஸ்க்கை மாட்டி லேப்டாப்பில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. டிஸ்க் முழுக்கப் போய்விட்டது என்று அப்போது நினைத்தது தவறு. அந்தக் காலத்து டிஸ்க்குகளின் இணைப்பு முறைக்கு ஐடிஇ என்று பெயர். ஆரம்ப கால ஐடிஇ டிஸ்க்குகள் சில, இடத்தைச் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று சொன்னால்தான் புரிந்துகொள்ளும். பின்னாளில் வந்த எல்பிஏ முறையில் ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு வரிசை எண், அவ்வளவுதான். யூஎஸ்பி அடாப்டர்களில் பெரும்பாலானவை எல்பிஏ முறையில் மட்டுமே கேட்கும். 40 பின் பிளக் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கேட்பவரின் பேச்சு பதில் சொல்பவருக்குப் புரியவில்லை.

மதர்போர்டிலேயே ஐடிஇ போர்ட் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் தேடிப் பிடித்தேன். அதில் லினக்ஸ் சிடியைப் போட்டு பூட் செய்ததும் டிஸ்க் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். நிஜமான ஐடிஇ போர்ட் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கைவசம் இருப்பது பத்து அடாப்டர்களுக்குச் சமம்.

காப்பி எடுக்க குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைப் பயன்படுத்தினேன். சாதாரண காப்பி நிரல் ஒரு கெட்ட செக்டரைச் சந்தித்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் சாகக் கிடக்கிற டிஸ்க்கின் மீதி உயிரும் போய்விடும். டிடிரெஸ்க்யூ படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், தகராறு செய்கிற இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்து மறுபடி முயலும். எதுவரை படித்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அதனால் இடையில் நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் டிஸ்க் சூடானால் முரண்டு பிடித்தது. இருபது நிமிடம் ஓடவிடுவது, ஒரு மணி நேரம் ஆறவிடுவது என்று இரண்டு இரவு போனது. கடைசியில் சில செக்டர்கள் தவிர எல்லாம் வந்துவிட்டன. இழந்தது மூன்று வடிவங்கள்தான்.

கெட்டுப்போன டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அதற்குப் பிறகு நிபுணர்களிடம் கொடுத்தாலும் மீட்பது கடினம்.

டேட்டா கைக்கு வந்துவிட்டது. அடுத்து புதிய டிஸ்க் வேண்டும். அந்தக் காலத்து டிஸ்க்கையே பழையதாக வாங்கிப் போடலாம்தான், ஆனால் அதுவும் அதே வயது. அதன் பேரிங்கும் மோட்டாரும் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைத் தேர்ந்தெடுத்தேன். 1994-இல் வந்த இந்த கார்டுகளுக்கு ஐடிஇ மொழியிலேயே பேசும் ஒரு முறை உள்ளேயே இருக்கிறது. அதனால் கார்டை 40 பின் கேபிளில் மாட்டும் அடாப்டரில் மொழிபெயர்க்கும் சிப் எதுவும் தேவையில்லை, வெறும் ஒயர் இணைப்புதான். இடையில் யாரும் இல்லாததால் தகராறும் குறைவு. எஸ்டி கார்டை ஐடிஇ-யாக மாற்றும் அடாப்டர்களும் கிடைக்கின்றன. அவற்றில் சிப் உண்டு. சிலவற்றோடு பழைய பயாஸ்கள் ஒத்துப்போகும், சிலவற்றோடு போகாது.

கார்டின் அளவுதான் அடுத்த கேள்வி. பெரிய கார்டாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பழைய பயாஸுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரைதான் எண்ணத் தெரியும். செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கிப் பார்த்தால் 52.8 கோடி பைட், அதாவது 528 எம்பி. அதற்கு மேல் போனால் சில பயாஸ்கள் மீதியைக் கண்டுகொள்ளாது, சில அப்படியே உறைந்து நின்றுவிடும். 512 எம்பி கார்டு அந்த வரம்புக்குள் சரியாக உட்கார்ந்தது.

இங்கே இன்னொரு தப்பு செய்தேன். எடுத்து வைத்திருந்த இமேஜை, அதாவது டிஸ்க்கின் முழு நகலை, அப்படியே கார்டில் எழுதினேன். பூட் ஆகவில்லை. டாஸ் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்துக் கொடுத்த பகுதி) தன் பூட் செக்டரிலேயே டிஸ்க்கின் ஹெட் எண்ணிக்கையையும் செக்டர் எண்ணிக்கையையும் குறித்து வைத்திருக்கிறது. கார்டின் கணக்கு வேறு. பழைய முகவரியை வைத்துக்கொண்டு புதிய தெருவில் வீடு தேடுகிற கதையாகிவிட்டது.

சரியான வரிசை இதுதான். கார்டை 486-இலேயே மாட்டி, அதன் எண்களை பயாஸில் கொடுத்து, டாஸ் ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்து, எஃப்டிஸ்க் என்ற டாஸ் நிரலில் பார்ட்டிஷன் போட்டு அதை ஆக்டிவ் ஆக்க வேண்டும். மறுபடி பூட் செய்து, சிஸ்டம் கோப்புகளோடு ஃபார்மட் செய்ய வேண்டும். அப்புறம் எஃப்டிஸ்க்கை எம்பிஆர் என்ற ஆப்ஷனோடு ஒரு முறை ஓட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகச் செய்த மாதிரி இருக்கும், பூட் மட்டும் ஆகாது. கேமராவுக்கென்று விற்ற கார்டுகளில் பூட் கோடு இருக்காது, அதை எழுதித் தருவது அந்த ஆப்ஷன்தான். இதெல்லாம் முடிந்த பிறகு கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டு, இமேஜுக்குள் இருந்த கோப்புகளைச் சிஸ்டம் கோப்புகளைத் தொடாமல் காப்பி செய்தேன்.

மெஷின் எழுந்தது. டிஸ்க் சத்தமே இல்லாததால் சித்தப்பா கொஞ்ச நேரம் நம்பவில்லை. "ஓடுதாப்பா?" என்று திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தகட்டைப் போட்டு முதல் எழுத்து வெட்டி முடித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

இந்த ஒரு வேலையில் நான் கற்றுக்கொண்டது, டிஸ்க் இணைப்பு என்பது மூன்று அடுக்கு என்பது. பிளக்கின் வடிவம் ஒன்று. அதன் வழியே பேசும் பேச்சு இரண்டாவது. அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய டிஸ்க் வரை எண்ணத் தெரியும் என்பது மூன்றாவது. கடையில் விற்கிற அடாப்டர்கள் முதல் அடுக்கைத் தீர்த்து வைக்கும். மற்ற இரண்டும் நம் பொறுப்பு.

இரண்டாவது கம்ப்யூட்டர் என்னுடையது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் லேப்டாப். வீட்டில் இருக்கும் பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்கிற ஸ்கேனருக்கு எக்ஸ்பி-யோடு டிரைவர் நின்றுவிட்டது. சித்தப்பாவின் அனுபவத்துக்குப் பிறகு இதன் டிஸ்க்கை மாதம் ஒரு முறை ஸ்மார்ட் அறிக்கை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்வது) எடுத்துப் பார்த்து வந்தேன். அதில் 5, 197 என்ற இரண்டு எண்களைக் கவனித்தால் போதும் என்பது என் எண்ணம். 5 என்பது மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது இப்போது படிக்க மறுத்து, முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். 197 பூஜ்யத்திலிருந்து நகர்ந்த அன்றே முழு இமேஜ் எடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்கிலிருந்து எடுத்ததால் நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

லேப்டாப் ஐடிஇ டிஸ்க்கில் 44 பின். கரண்ட்டும் அதே பிளக்கில் வருவதால் நான்கு பின் கூடுதல், பின்களும் நெருக்கம். சில லேப்டாப்களில் டிஸ்க்கின் முனையில் ஒரு சின்ன இடைக் கனெக்டர் இருக்கும். டிஸ்க்கின் ஒரு பகுதி போலவே ஒட்டிக்கொண்டிருப்பதால் பழைய டிஸ்க்கோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பிறகு அது தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

இப்போது 44 பின்னுக்கு எளிதாகக் கிடைக்கிற வழி, சின்ன எஸ்எஸ்டி-யை (சுழலாத ஃபிளாஷ் டிஸ்க்), அதுவும் ஐடிஇ-க்குப் பின் வந்த சாட்டா இணைப்பில் பேசுவதை, ஐடிஇ-யாக மாற்றும் அடாப்டர். எம்சாட்டா வகையும் உண்டு, எம்.2 வகையும் உண்டு. எம்.2 என்பது வெறும் வடிவத்தின் பெயர். அதற்குள் சாட்டா பேசுகிற எஸ்எஸ்டி-யும் இருக்கும், அதைவிடப் புதிய என்விஎம்இ பேசுகிறதும் இருக்கும். இந்த அடாப்டர்களுக்கு சாட்டா மட்டுமே புரியும். முனையில் இரண்டு வெட்டு உள்ளது சாட்டா, ஒரு வெட்டு உள்ளது என்விஎம்இ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு வெட்டோடு வரும் என்விஎம்இ-களும் இருக்கின்றன. நான் அப்படி ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். வெட்டை நம்பாமல் லேபிளைப் படியுங்கள்.

அடுத்து மறுபடியும் எண்ணிக்கைப் பிரச்சினை. என் கையில் இருந்தது 240 ஜிபி எஸ்எஸ்டி. அந்த லேப்டாப்பின் பயாஸ் 28 பிட் முகவரியில் நின்றுவிட்டது. 28 பிட்டில் 26.8 கோடி செக்டர் வரை எண்ணலாம், அதாவது 137 ஜிபி. எக்ஸ்பி-யிலும் முதல் சர்வீஸ் பேக்குக்கு முன்னால் இதே வரம்புதான். வெறுமனே மீதி இடம் தெரியாமல் போவதோடு இது நிற்காது. பார்ட்டிஷன் 137 ஜிபியைத் தாண்டிப் போய், எழுதுகிறவருக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாவிட்டால், முகவரி சுழன்று டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே எழுதிவிடக்கூடும். மாதக்கணக்கில் நன்றாக ஓடி, டிஸ்க் நிறைகிற அன்று எல்லாம் போகும். நான் 110 ஜிபியில் ஒரே ஒரு பார்ட்டிஷன் போட்டு, மீதியைத் தொடவே இல்லை.

அந்தத் தொடாத இடத்துக்கு வேறொரு பயனும் இருக்கிறது. எக்ஸ்பி-க்கு டிரிம் தெரியாது. எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டி-க்குச் சொல்ல ஆள் இல்லாததால், ஒருபோதும் எழுதப்படாத பகுதி அதன் உள்வேலைக்குக் கை கொடுக்கும். பார்ட்டிஷனை எக்ஸ்பி சிடியில் போடாமல் புதிய கம்ப்யூட்டரில் போட்டதும் இதே மாதிரி ஒரு காரணத்துக்காகத்தான். எக்ஸ்பி 63ஆவது செக்டரில் பார்ட்டிஷனைத் தொடங்கும், அது எஸ்எஸ்டி-யின் பக்க எல்லைகளோடு ஒத்துப்போகாது. 2048ஆவது செக்டரில் தொடங்கினால் ஒத்துப்போகும்.

எல்லாம் முடிந்து இரண்டு மாதத்தில் லேப்டாப் திடீரென்று நத்தையாகிவிட்டது. எஸ்எஸ்டி போய்விட்டதோ என்று பதறினேன். கனெக்டர் சரியாக அழுந்தாமல் பிழைகள் வந்திருக்கின்றன. தொடர்ந்து பிழை வந்தால் எக்ஸ்பி அந்த ஐடிஇ சேனலின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓ என்ற மிக மந்தமான முறைக்குத் தள்ளிவிடும். காரணம் சரியான பிறகும் தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் அந்த சேனலை நீக்கி, மறுபடி பூட் செய்தால் புதிதாகக் கண்டுபிடித்துப் பழைய வேகத்துக்கு வரும். டெஸ்க்டாப்பில் இதே மந்தம் வந்தால் கேபிளையும் பாருங்கள். 40 ஒயர் கேபிளும் 80 ஒயர் கேபிளும் முனையில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் நொடிக்கு 33 எம்பி வேகத்துக்கு மேல் போக 80 ஒயர் வேண்டும். அதில் நீல முனை மதர்போர்டுக்கு.

ஃபிளாப்பிக்கும், எஸ்சிஎஸ்ஐ என்ற இன்னொரு பழைய டிஸ்க் இணைப்புக்கும் நல்ல மாற்று வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு வடிவங்கள் ஃபிளாப்பியில்தான் போய்க்கொண்டிருந்தன. இப்போது அந்த இடத்தில் ஃபிளாப்பி டிரைவ் போலவே நடிக்கும் கோடெக் (Gotek) என்ற எமுலேட்டர் இருக்கிறது, பென்டிரைவில் நூறு ஃபிளாப்பி இமேஜ் வைத்து பட்டனால் மாற்றுகிறார். பழைய மேகின்டோஷ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 50 பின் எஸ்சிஎஸ்ஐ-க்கு புளூஎஸ்சிஎஸ்ஐ போர்டைப் போட்டு எஸ்டி கார்டில் ஓட்டுகிறார். ஆர்வலர்கள் திறந்த மூலமாகச் செய்து கொடுத்த வேலை இது. அவர்கள் இல்லாவிட்டால் எத்தனை மெஷின்கள் இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

இப்போது என் கவலை சாட்டாவைப் பற்றி. 2003-இல் ஐடிஇ-யின் இடத்துக்கு வந்தது. கடைசியாக வேகம் ஏறியது 2009-இல், நொடிக்கு 6 கிகாபிட். அதோடு நின்றுவிட்டது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் சாட்டா இடமே இல்லை, மதர்போர்டுகளிலும் போர்ட் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. என் மூன்றாவது கம்ப்யூட்டர் சாட்டா மட்டுமே உள்ள டெஸ்க்டாப். அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டு என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டிப் பார்த்தேன். லினக்ஸ் உள்ளே வந்த பிறகு அதை நன்றாகப் பார்க்கிறது. பயாஸுக்கு மட்டும் அதிலிருந்து பூட் செய்யத் தெரியவில்லை. பூட் பார்ட்டிஷனையும், லினக்ஸை எழுப்பும் கிரப் என்ற நிரலையும் ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி-யில் வைத்து, மீதி எல்லாவற்றையும் என்விஎம்இ-யில் வைத்தேன். இரண்டு வருடமாக ஓடுகிறது.

அதே டெஸ்க்டாப்பில் ஒரு தீ ஆபத்து தப்பியது. பழைய நான்கு பின் பவர் பிளக்கை சாட்டா பவராக மாற்றும் கேபிள் ஒன்று மாட்டியிருந்தேன். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து ஒயர்களை மூடிய வகை. ஒரு நாள் கருகிய வாசம். கழற்றினால் கனெக்டர் பழுப்பாகிக் குழைந்திருந்தது. அந்த வகையில் ஒயர்கள் உள்ளே நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கி ஷார்ட் ஆகலாம். ஒயர்கள் தனித்தனியாகக் கிரிம்ப் செய்யப்பட்டு, பின்பக்கம் திறந்து தெரிகிற வகையை வாங்குங்கள். விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

உதிரிக்கு எஸ்எஸ்டி வாங்கி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெற்று உதிரியாக வையுங்கள். டேட்டாவை அதில் போட்டு அலமாரியில் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், கரண்ட் இல்லாமல் கிடந்தால் ஃபிளாஷ் மெல்ல மறக்கும். டேட்டா இமேஜாக வேறு இரண்டு இடத்தில் இருக்கட்டும். சித்தப்பாவின் கார்டுக்கு நான் இரட்டை ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். அதே நிறுவனம், அதே மாடல், அதே அளவு, அதனால் எண்களும் அதே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் இடம் மாற்றி மாட்டி, இரட்டையும் பூட் ஆகிறதா என்று பார்க்கிறோம்.

486-இன் கேபினட் மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். கார்டின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள், அடாப்டரில் ஜம்பர் இருக்கும் இடம், பேட்டரி மாற்றிய தேதி, இமேஜ் எங்கெங்கே இருக்கிறது என்ற விவரம். போன மாதம் பேட்டரி மறுபடி தீர்ந்தபோது நான் ஊரில் இல்லை. சித்தப்பா மூடியைக் கழற்றி, தாளைப் பார்த்து, எண்களைத் தானே அடித்து, மெஷினை ஓட்டிவிட்டு எனக்கு போன் செய்தார். "தேதியையும் எழுதிட்டேன்பா" என்றார்.